உண்ணும் நெய்யும் உள்ளத்தின் சோர்வும்

உடம்பு நோயுற்றால் இரங்குகின்ற உலகம் உள்ளம் நோயுற்றால் இகழ்கின்றது. காய்ச்சலோடு வந்த மாணாக்கனை அன்புடன் வீட்டுக்கு அனுப்புகின்ற நாம், காரணந் தெரியாத துயரத்தாலே தலை கவிழ்ந்திருக்கும் மாணாக்கனை மடியன் என்றும் முயற்சியில்லாதவன் என்றும் வைகின்றோம். இவ்வேறுபாடு நீதியாகுமா? உள்ளத்தின் சோர்வு ஒருவன் தானே தேடிக்கொண்ட குற்றமா, அன்றி உடம்பின் நோய்போல அவனை வந்தடைந்த ஒன்றா? உண்ணும் உணவினாலும், சிறப்பாக அவ்வுணவிலுள்ள நெய்ப்பொருளினாலும் அச்சோர்வு கூடவுங் குறையவும் கூடுமாயின், சோர்ந்தவனை நாம் எவ்வாறு நடத்துதல் அறமாகும்? இவற்றை ஆசிரியத் தொழில் பூண்ட நம்மவர் முன்வைத்து ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

யான் இவ்வாராய்ச்சியிற் புகுந்தது நூற்பயிற்சி விருப்பினால் அன்று; என் பிழையொன்றினால். 2022 ஆம் ஆண்டு நம் நாட்டிற் பொருண்முட்டு மிகுந்த காலம். அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்திற் கொழும்பு நகரின் உணவு விலை முந்திய ஆண்டிலும் நூற்றுக்கு 90க்கு மேல் உயர்ந்திருந்தது. கொக்கோவும் மிளகும் கராம்பும் செழித்து வளரும் இவ்வுக்குவளைச் சூழலிலும் அடுப்பெரியாத வீடுகள் பல. அந்நாளில் மேல்வகுப்பு மாணாக்கன் ஒருவன், தோட்டத்து லயத்திலிருந்து வருபவன், கணிதத்தில் முதல்வனாய் விளங்கியவன், சில வாரங்களுக்குள்ளே வேறொருவன்போல் ஆயினான். கேட்டதற்கு விடை கூறான், தோழரோடு விளையாடான், புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சுவரையே பார்த்திருப்பான். யான் ஒருநாள் வகுப்பார் யாவருங் கேட்க அவனை மடியன் என்று வைதேன். அவன் ஒன்றும் மொழிந்திலன்.

மூன்றாம் நாள் அவனுடைய பாட்டியார் வந்தார். இரண்டு மாதமாகப் பையனுக்குக் காலையில் வெறுஞ் சாயத் தண்ணீரே ஆகாரம் என்றும், தேங்காயும் எண்ணெயும் வாங்க வழியில்லாமையால் இரவிலும் ஒரு ரொட்டியைப் பகிர்ந்து உண்பதாகவும், தன் பங்கிற் பாதியை அவன் தங்கைக்குக் கொடுத்து விடுவதாகவும் சொன்னார். குறைகூறும் குரலிலே அவர் இவற்றைச் சொல்லவில்லை. பையன் மேற் கோபிக்க வேண்டாம் என்று வேண்டிக்கொள்ளுதற்கே வந்தார். அன்று யான் அடைந்த நாணம் இன்றும் தீர்ந்திலது.

இச்செய்தியை ஆசிரியர் அறையிற் சொன்னபோது ஒருவர், "சைவ உணவுதான் காரணம், மீனெண்ணெய் கொடுத்தால் மனந் தெளியும்" என்றார். மற்றொருவர், "எல்லாம் அவன் வினை" என்றார். இன்னுமொருவர், "மனவுறுதி யிருந்தாற் பசி என்ன செய்யும்?" என்றார். மூவரும் நல்லவரே. ஆயினும் மூவர் கூற்றும் என் மனத்துக்கு அமைதி தரவில்லை. ஆதலின் ஒவ்வொன்றாக ஆராயத் தொடங்கினேன்.

முதற்கண், நெய்ப்பொருளுக்கும் மனத்துக்கும் தொடர்பு யாது எனக் காண்போம். நெய், எண்ணெய் முதலிய கொழுப்புப் பொருள்களெல்லாம் கொழுப்பமிலங்கள் எனப்படுங் கூறுகளைக் கொண்டு ஆயவை. இவற்றுட் பலவற்றை நம்முடம்பு தானே ஆக்கிக்கொள்ளும். இரண்டினை மாத்திரம் ஆக்கமாட்டாது. அவற்றை உணவினின்றே பெறல் வேண்டும். ஒன்று ஒமேகா-6 வகைக்கு மூலமாகிய லினோலெயிக் அமிலம். மற்றையது ஒமேகா-3 வகைக்கு மூலமாகிய அல்பா லினோலெனிக் அமிலம். நல்லெண்ணெயில் முன்னையது மிகுதி. ஆளிவிதை எண்ணெயிற் பாதிக்கு மேற் பின்னையதே; கடுகெண்ணெயிலும் அஃது ஓரளவு உண்டு. நாம் நாடோறும் வழங்குந் தேங்காயெண்ணெயில் நிரம்பிய கொழுப்பமிலங்கள் நூற்றுக்கு 90 அளவின. ஒமேகா-3 இல்லையென்றே சொல்லலாம்.

நீர் நீங்கிய மூளையின் நிறையிற் பாதியளவோ அதற்குச் சற்று மேலோ கொழுப்பே. ஒமேகா-3 வகையைச் சேர்ந்த டி.எச்.ஏ. என்னும் அமிலம் மூளைக் கலங்களின் மென்சவ்விலே செறிந்துள்ளது. அச்சவ்வின் வழியாகவே ஒரு கலத்தின் செய்தி மற்றொரு கலத்துக்குச் செல்கின்றது. அவ்வகையைச் சேர்ந்த ஈ.பி.ஏ. என்னும் மற்றோரமிலம் உடம்பினுள் எழும் அழற்சியைத் தணிக்குந் தன்மையது. சோர்வுற்றோர் சிலரிடத்து அவ்வழற்சி மிகுந்திருத்தலை ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். இவ்விரண்டும் கடல்மீனின் கொழுப்பில் மிகுதியாக உள. தாவர உணவிலிருந்து பெறும் மூல அமிலத்தினின்றும் நம்முடம்பு இவற்றை ஆக்குமாயினும், ஈ.பி.ஏ. சிறிதளவே ஆகும், டி.எச்.ஏ. அதனினுங் குறைவு. மீனெண்ணெயைப் பற்றிய பேச்சு எழுந்தமைக்கு இதுவே காரணம்.

கொழுப்பில் ஒரு பகுதி உயிர்வாழ்க்கைக்கு இன்றியமையாதது என்னும் உண்மை 1929 ஆம் ஆண்டில், அமெரிக்காவிலுள்ள மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில், ஜோர்ஜ் பர், மில்றெட் பர் என்னும் கணவனும் மனைவியும் வெளியிட்டது. கொழுப்பு முற்றிலும் நீக்கிய உணவை உண்ட எலிகள் தோல் செதிலுற்று, வளர்ச்சி நின்று, காலத்துக்கு முன்னே இறந்தமையை அவர் கண்டனர். அப்பல்கலைக்கழகத்திலேயே 1944, 1945 ஆம் ஆண்டுகளில் அன்சல் கீஸ் என்பார் வேறொரு சோதனை நடத்தினார். மனச்சாட்சியின் பொருட்டுப் போரிற் படைக்கலம் எடுக்க மறுத்த 36 இளைஞர், போரினாற் பட்டினியுற்ற மக்களுக்கு உதவும் அறிவு கிடைக்கும் என்று கருதித் தாமே உவந்து முன்வந்தனர். 24 வாரம் அவர்களுக்கு அரைவயிற்றுணவே அளிக்கப்பட்டது. உடம்பின் நிறையிற் காற்பங்கு குறைந்தது. உடம்பு மாத்திரமா மெலிந்தது? சிரிப்பு மறைந்தது, நட்பு வெறுத்தது, சினமுந் துயரமும் மிகுந்தன, உணவையன்றி வேறொன்றை நினைக்க மாட்டாராயினர். உணவு மீண்டபின்னும் உள்ளம் உடனே மீளவில்லை. பல மாதஞ் சென்றது.

இங்கே நாம் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. அவ்விளைஞர் கோழைகளல்லர், மடியர் அல்லர், நாடு முழுவதும் பழித்தபோதும் தம் கொள்கையினின்றும் வழுவாதவர். அத்தகைய மனவுறுதி உடையாரையே பசி இப்பாடு படுத்திற்றாயின், பதினைந்து வயதுப் பையனிடம் மனவுறுதி எங்கே என்று கேட்பது எவ்வளவு பேதைமை! மூன்றாமவர் கூற்று இதனால் வீழ்ந்தது.

நம் முன்னோர் இதனை அறியாதவரல்லர். சாந்தோக்கிய உபநிடதத்திலே உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவுக்குக் கூறும் உபதேசம் கற்றோர் யாவரும் அறிந்ததே. உண்ட உணவின் நுண்ணிய கூறே மனமாகின்றது என்று கூறி, அதனை மெய்ப்பிக்கும் பொருட்டு மகனைப் பதினைந்து நாள் உண்ணாதிருக்கச் செய்தார். நீர் மாத்திரம் பருகியிருந்த மகனை அழைத்து வேதத்தை ஓதுக என்றார். பன்னிரண்டாண்டு கற்ற மகனுக்கு ஒன்றும் நினைவில் எழவில்லை. உண்டபின் எல்லாம் நினைவில் எழுந்தன. தந்தையார் மகனை வைதாரல்லர். உண்டு வா என்றே அனுப்பினார். ஆசிரியராகிய நமக்கு அவ்வொரு செயலே போதிய பாடமாகும். இக்கதையைக் கொண்டு நம் முன்னோர் ஒமேகாவையும் அறிந்திருந்தனர் என்று மேடையேறிப் பேசுவது வீண் பெருமை. உணவு மனத்தைத் தாங்குகின்றது என்பதை அவர் அறிந்திருந்தனர். எந்த உணவின் எந்தக் கூறு எவ்வளவு தாங்குகின்றது என்பதை அளந்தறிவது இக்காலத்தாரின் வேலை.

சைவ சித்தாந்தங் கற்றார்க்கு இதில் மயக்கம் வேண்டுவதில்லை. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்கள் மாயையின் காரியங்கள், அவை சடப்பொருளே, உயிருக்குக் கருவிகளே. கருவி உணவினால் வலியுறுதலும் உணவின்மையால் நலிவுறுதலும் இயல்பு. வீணையின் நரம்பு தளர்ந்தபோது பண் பிழைத்தால், பாணன் இசையறியாதவன் என்று முடிவு செய்வாருளரோ? மனச்சோர்வினை உயிரின் இழிவாகக் கருதுதல் நம் சாத்திரத்துக்கே மாறு. உணவு மனத்தை மாற்றும் என்று கேட்டவுடன், ஆன்மா இல்லையென்று ஆய்விடுமோ என அஞ்சுவார் அஞ்ச வேண்டா.

இனி முதலாமவர் கூற்றாகிய மீனெண்ணெயை ஆராய்வோம். 1998 ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளராகிய ஜோசப் ஹிபெல்ன் ஒன்பது நாடுகளை ஒப்புநோக்கி, மீனுணவு மிகுந்த நாடுகளில் மனச்சோர்வு குறைவு என்று எழுதினார். அதனை எங்கும் எடுத்தோதினர். ஆயினும் நாடுகளுக்குள்ளே மீனுணவு ஒன்றா வேறுபடுகின்றது? செல்வமும், குடும்ப வழக்கமும், நோயை வெளியிடும் வழக்கமும் வேறுபடுகின்றனவே. நாற்புறமும் கடல் சூழ்ந்து, மக்களிற் பெரும்பாலார் மீனுண்ணும் நம்மிலங்கையிலே 1995 ஆம் ஆண்டில் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டோர் இலட்சத்துக்கு 47 பேர். உலகில் மிக உயர்ந்த தொகைகளுள் அஃதொன்று. அத்தொகை மனச்சோர்வின் அளவு அன்று என்பது மெய்யே. ஆயினும் மீனுண்ணும் நாட்டில் துயரமில்லை என்று எளிதிற் சொல்ல அது இடங்கொடாது. கொடிய பூச்சிநாசினிகளை அரசினர் தடைசெய்தபின், இருபதாண்டிலே அத்தொகை ஏறத்தாழ நூற்றுக்கு 70 குறைந்தது. உயிர்களைக் காத்தது எண்ணெய் அன்று, விவேகமுள்ள சட்டமே.

மீனெண்ணெயை நேரே சோதித்தாரும் உளர். அமெரிக்காவில் 50 வயதும் அதற்கு மேலுமுள்ள, அப்போது மனச்சோர்வு இல்லாத 18,353 பேரைக் கொண்டு, ஒரு பங்கினர்க்கு நாடோறும் 1 கிராம் மீனெண்ணெயும், மற்றொரு பங்கினர்க்கு வெற்று மாத்திரையும் ஐந்து ஆண்டுக்கு மேல் அளித்து நோக்கினர். அதன் முடிபு 2021 ஆம் ஆண்டில் வெளிவந்தது. மீனெண்ணெய் மனச்சோர்வு வராமற் காத்திலது. அதனை உட்கொண்டாரிடத்துச் சோர்வு சிறிது மிகுதியாகவே காணப்பட்டது. முன்னரே சோர்வு நோயுற்றார் திறத்திலோ, ஈ.பி.ஏ. மிகுந்த எண்ணெய் வைத்தியரின் மருந்தோடு துணையாகச் சிறிது பயன் தரலாம் எனச் சில ஆராய்ச்சிகள் கூறுகின்றன. அப்பயனும் சிறிது, சான்றும் வலியுடையதன்று எனப் பலவற்றையும் தொகுத்து ஆய்ந்தோர் கூறுவர். ஆகவே, சைவன் மீனுண்ணாமையாற் சோர்கின்றான் என்பது மெய்ப்பிக்கப்படாத கூற்றேயாம்.

நல்லுணவு முழுமையாக அமைந்தால் யாது நிகழும் என்பதற்கு அவுஸ்திரேலியாவில் நடந்த சோதனையொன்று 2017 ஆம் ஆண்டில் வெளிவந்தது. மனச்சோர்வு நோயுற்ற 67 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு மரக்கறி, பழம், அவரையினம், பருப்புக் கொட்டைகள், ஒலிவெண்ணெய், மீன் முதலியன அமைந்த உணவை உண்ணுமாறு 12 வாரம் வழிகாட்டினர். மற்றப் பிரிவினர்க்கு உணவைப் பற்றி ஒன்றும் பேசாமல், அன்பாக உடனிருந்து உரையாடினர். உணவுப் பிரிவில் மூவருள் ஒருவர் அளவில் நோய் நீங்கினர். மற்றப் பிரிவில் நூற்றுக்கு 8 பேரே நீங்கினர். சோதனை சிறியது, உட்பட்டோர் தாம் எப்பிரிவினர் என்பதை அறிந்துமிருந்தனர். ஆதலின் இதனை முடிந்த முடிபாகக் கொள்ளுதல் ஆகாது. ஆயினும் ஒரு துளி எண்ணெயைக் காட்டிலும் ஒரு முழு உணவு பெரிது என்பதை இதனால் உய்த்துணரலாம்.

இனி, புலால் மறுத்தாரின் இடர்ப்பாட்டை ஒளியாது பேசுதல் வேண்டும். மிசனெறியார் தொடங்கிய பாடசாலையொன்றிற் கற்ற யான், இளமையில் மெலிந்திருந்தமையால், இரக்கமுள்ள ஆசிரியர் ஒருவர் நாடோறும் ஒரு கரண்டி மீனெண்ணெய் தந்தார். வீட்டில் அறிந்தபோது என் அன்னையார் அழுதார். ஆசிரியரும் அன்பினாற் கொடுத்தார். அன்னையும் அன்பினால் மறுத்தார். அவ்விருவருக்கும் நடுவே நின்ற சிறுவனுக்கு அன்று விடை தெரியவில்லை. இன்று ஓரளவு தெரிகின்றது. மீன் அவ்வமிலங்களைப் பெரும்பாலும் தானே ஆக்குவதில்லை. கடலிலுள்ள நுண்பாசிகளை மூலமாகக் கொண்ட உணவினின்றே பெறுகின்றது. அந்நுண்பாசியை வளர்த்து நேரே எடுக்கும் எண்ணெய் இப்பொழுது விற்பனைக்கு உண்டு. வைத்தியர் வேண்டுமென்றால், கொல்லாமை கெடாமலே அதனைப் பெறலாம். வீட்டு உணவிலோ கடுகு, ஆளிவிதை முதலியவற்றை ஏற்றபடி சேர்க்கலாம். அவை உடம்புக்கு நல்லன. மனச்சோர்வை அவை தீர்க்கும் என்று மாத்திரஞ் சொல்லுதல் ஆகாது. அன்றியும், புலால் மறுத்தார் எண்ணெயைக் காட்டிலும் முந்தி நோக்கவேண்டியது விற்றமின் பி12. பாலும் மோரும் அரிதாகிய வீடுகளில் அது குறையும். குறைந்தால் மறதியுஞ் சோர்வும் வரக்கூடும். இதனை இரத்தச் சோதனையால் அறியலாம்; மருந்தால் நிரப்பலாம்.

மருந்தாகவே மீனெண்ணெயைக் கொண்டார் ஒருவர் உளராயின், அவரைச் சைவத்தின் புறத்தே நிறுத்தி ஏசுதல் தகாது. கொல்லாமை என்பது பிறவுயிரின் நோவைத் தன் நோவாக எண்ணும் அருளினின்றும் பிறந்த விரதம். அவ்விரதத்தைக் கோலாகக் கொண்டு நொந்த மனிதனை அடிப்பவன், விரதத்தைக் காத்து அருளைக் கொன்றவனாவான்.

எஞ்சியது இரண்டாமவர் கூற்று. எல்லாம் வினை என்றால் மறுப்பாரில்லை. ஆனால் பசியும் வினைவழி வந்ததே; அதற்காக நாம் சோறிடாமல் இருக்கின்றோமா? மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் அன்னதானத்துக்கு அமர்ந்தாரை, "உன் வினை யாது?" என்று வினாவியா இலை போடுகின்றோம்? அவன் வினை அவனை நம்மிடம் கொணர்ந்தது. அவனுக்கு நாம் செய்வது நம் வினையாகும். பிறர் துன்பத்துக்கு வினையைக் காரணங் காட்டுவோன் தன் கடமையினின்றும் ஒளிந்துகொள்கின்றான்.

ஆகவே துணியத்தக்கது இதுவே. உணவும் அதிலுள்ள நெய்ப்பொருளும் மனநிலைக்குக் காரணங்களுள் ஒரு பகுதி; முழுக் காரணமல்ல. ஒரு பகுதியாதலின், சோர்ந்தவனைக் குற்றவாளியாக்குதல் அறமன்று. முழுக் காரணமல்லாமையால், எண்ணெய்ப் போத்தலை அவன் கையிற் கொடுத்துவிட்டு நம் கடமை முடிந்தது என்றிருத்தலும் அறமன்று. வயிறார உண்டு, மீனும் நெய்யும் குறைவின்றிப் பெற்று, ஆயினும் எழுந்திருக்க மாட்டாத துயரில் ஆழ்ந்த நண்பர் ஒருவரையும் யான் கண்டிருக்கின்றேன். அவரைத் தேற்றியது வைத்தியரின் மருந்தும், பல மாதம் மாலைதோறும் உடன் நடந்த ஒரு தோழருமே.

ஆசிரிய நண்பர்காள், நாம் செய்யத்தக்கன பெரியவையல்ல. மாணாக்கன் ஒருவன் மாறக் கண்டால், வைவதற்கு முன் தனியே அழைத்து, "இன்று என்ன உண்டாய்?" என்று கேட்போம், வகுப்பார் முன் கேளாதிருப்போம், பசியை வெளியிடுதலும் ஒரு நாணமாதலின். உண்ணாதவனுக்கு உணவு தேடுவோம். உண்டும் சோர்ந்திருப்பவன் சொல்வதைச் செவிகொடுத்துக் கேட்போம். சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலும், உயிர் வெறுத்த பேச்சு ஒன்று எழுந்தாலும், அண்மையிலுள்ள அரசினர் வைத்தியசாலைக்குத் தாமதியாது அழைத்துச் செல்வோம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்னுந் தொலைபேசி இலக்கத்தையும் பெற்றோர்க்கு அறிவிப்போம்.

அப்பையனுக்கு யாது நிகழ்ந்தது என்று வினவுவீர்கள். ஆசிரியர் சிலர் கூடி, அரிசியும் வல்லாரையும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் காலையில் இலைக்கஞ்சி காய்ச்சினோம். அவனுக்கென்று அன்று, வந்தார் யாவர்க்கும். யான் அதே வகுப்பார் முன்னிலையில் அவனிடம் என் சொல்லைத் திரும்பப் பெற்றேன். சில மாதத்தில் அவன் மறுபடியுங் கரும்பலகைக்கு வந்து கணக்கிட்டான். கஞ்சியோ, அதிலிருந்த பாலோ, பக்கத்திலிருந்து உண்ட தோழரோ, திரும்பப் பெற்ற ஒரு சொல்லோ, எது அவனை மீட்டது என்று யான் அறியேன். மடியன் என்ற சொல் மாத்திரம் அவனை மீட்கவில்லை என்பதை நன்கறிவேன்.

— உக்குவளை ஆசிரியர் ஒருவர்